பாரில் எவ்வளவு மீனை விட்டுவைக்க வேண்டும்?

வெப்பமண்டலக் கடல்களில், நம் மீனவர்கள் ‘பார்’ என்று சொல்லும் பவளப்பாறைகள் பிடித்திருக்கும் இடம் கடற்பரப்பில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் கடல்வாழ் உயிரினங்களில் ஏறக்குறைய கால்வாசி தம் வாழ்நாளின் ஏதோ ஒரு கட்டத்தில் அந்தச் சிறு இடத்தை நம்பியிருக்கின்றன. மனிதர்களும் நம்பியிருக்கிறார்கள். 99 நாடுகளைக் கணக்கில் எடுத்து 2013ல் வெளியான ஓர் ஆய்வு, ஏறத்தாழ 60 லட்சம் பேர் பவளப்பாறைகளில் மீன் பிடிப்பதாக மதிப்பிட்டது. இவர்களில் பெரும்பாலோரிடம் பெரிய விசைப்படகு கிடையாது. துடுப்புப் படகு, தூண்டில், ஈட்டி, கூடு, சிறு வலை ஆகியவைதான் அவர்களுடைய முதலீடு.

இந்தத் தொழில் நிலைக்குமா? 2007ல் 49 தீவு நாடுகளை ஆராய்ந்த ஒரு குழு, அவற்றில் 55 விழுக்காட்டு நாடுகளில் பாறைகள் ஈட்டித் தருவதைவிட அதிகமாக மீன் எடுக்கப்படுகிறது என்று கண்டது. அதற்குப் பிறகு கடல் இன்னும் சூடேறியிருக்கிறது, மக்கள்தொகையும் கூடியிருக்கிறது. இருந்தும், மீன்பிடிப்பை முற்றாக நிறுத்துவதா, இல்லை போகிற போக்கில் விடுவதா என்ற இரண்டு முனைகளுக்கு நடுவே நிறைய இடம் இருப்பதைக் கடந்த ஐம்பதாண்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அந்த ஆய்வுகளை ஒருசேரப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். கென்யாவின் மொம்பாசாவில் இருந்துகொண்டு 1980களிலிருந்து இந்தக் கேள்வியையே துரத்திவரும் டிம் மெக்லனஹன் என்ற அமெரிக்கக் கடலறிவியலாளரின் பணி இதில் அடிக்கடி வரும். அவர் எல்லாவற்றுக்கும் விடை கண்டவர் என்பதற்காக அல்ல. ஒரே கரையில் இவ்வளவு காலம் தங்கி, மீனையும் மீனவரையும் சேர்த்தே எண்ணியவர்கள் மிகச் சிலர் என்பதற்காக.

மீன்வள அறிவியல் வளர்ந்தது வட அட்லாண்டிக் போன்ற குளிர்க்கடல்களில். அங்கே பெருந்திரளாக வாழும் ஒரே இன மீன், அதைப் பிடிக்கும் பெரிய கப்பல்கள், அவை வந்து நிற்கும் சில துறைமுகங்கள். எத்தனை டன் இறங்கியது என்று துறைமுகத்தில் எழுதி வைத்தால் பாதி வேலை முடிந்தது. பவளப்பாறைக் கடலில் இது எதுவும் பொருந்தாது. ஒரு கூட்டைத் தூக்கினால் அதில் ஓரா இருக்கும், கிளிமீன் இருக்கும், விளமீன் இருக்கும், களவாக் குஞ்சு ஒன்றிரண்டும் இருக்கும். நூற்றுக்கணக்கான இனங்களில் ஒவ்வொன்றுக்கும் வளர்ச்சி வேகம் வேறு, முட்டையிடும் வயது வேறு. பிடித்தவை நூறு சிறு கரைகளில் இறங்குகின்றன. ஒரு பங்கு நேரே வீட்டு அடுப்புக்குப் போகிறது. எந்த அரசுப் பதிவேட்டிலும் முழுதாக ஏறாத தொழில் இது. ஓர் இனத்துக்கு இவ்வளவு என்று ஒதுக்கீடு போடும் முறையை இங்கே கொண்டுவந்து நட்டவர்கள் பெரும்பாலும் தோற்றார்கள்.

மெக்லனஹன் வேறு வழியில் தொடங்கினார். கென்யாவில் மலிந்தி, வட்டாமு கடற்பூங்காக்கள் 1968லேயே அமைந்தவை. ஆப்பிரிக்காவின் மிகப் பழைய கடற்பூங்காக்களில் அவையும் அடங்கும். மீன்பிடிப்பு நின்றுபோன அந்தப் பாறைகளையும், பக்கத்திலேயே அன்றாடம் தொழில் நடக்கும் பாறைகளையும் அவர் ஒப்பிட்டார். தொழில் நடக்கும் பாறைகளில் மீன் குறைவாக இருந்தது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது, அங்கே கடல் முள்ளெலிகள் பொந்துக்குப் பொந்து அடைந்துகிடந்தது. முள்ளெலிகளைக் கயிற்றில் கட்டிப் பாறைமேல் விட்டு, ஒரு நாளில் எத்தனை தின்னப்படுகின்றன என்று அவர் பார்த்தார். பூங்காவுக்குள் அவை வேகமாகக் காணாமல் போயின. வெளியே அப்படியே கிடந்தன. முள்ளெலியைக் கவிழ்த்து, வலுவான பல்லால் உடைத்துத் தின்னும் கிளாத்தி மீன்தான் காரணம். கிளாத்தி போனதும் முள்ளெலி பெருகியது. பெருகிய முள்ளெலிகள் பாசியை மட்டும் மேயவில்லை, பாறையின் சுண்ணாம்பையே சுரண்டின. மீனைப் பிடித்ததில் பாறையே தேய்ந்தது. பாதுகாப்பு வந்த பிறகும் கிளாத்திகள் பழைய எண்ணிக்கைக்குத் திரும்பப் பல பத்தாண்டுகள் பிடிக்கும் என்பது அவருடைய பிந்தைய கணிப்பு.

இதையே உலகம் முழுவதற்கும் சட்டமாக்கிவிட முடியாது. ஜமைக்காவில் நடந்தது கிட்டத்தட்ட நேரெதிர். அங்கே பாசி மேயும் மீன்களை நெடுங்காலமாகப் பிடித்துத் தீர்த்துவிட்டார்கள். பாசியைக் கட்டுக்குள் வைத்திருந்தவை நீண்ட முள்கொண்ட கருப்பு முள்ளெலிகள் மட்டுமே. 1983ல் ஏதோ ஒரு நோய் கரீபியன் கடல் முழுதும் அவற்றை அழித்தது. அதற்கு முன்பே 1980ல் வந்த பெரும்புயல் பவளத்தை நொறுக்கியிருந்தது. பிறகு பாசி மூடியது. 1970களின் இறுதியில் பாறைப்பரப்பில் பாதிக்கு மேல் இருந்த உயிர்ப்பவளம் 1990களின் தொடக்கத்தில் ஐந்து விழுக்காட்டுக்கும் கீழே போனதை ஆய்வாளர் டெர்ரி ஹியூஸ் 1994ல் பதிவு செய்தார். கென்யாவில் பாறையைத் தின்ற அதே வகை உயிர் ஜமைக்காவில் பாறையின் கடைசிக் காவலாக இருந்தது. இரண்டு கதைகளிலும் பொதுவானது ஒன்றே: மீன்கள் செய்துவந்த வேலையைச் செய்ய மீன்கள் இல்லை. பெலிஸ் நாடு 2009ல் கிளிமீன் உள்ளிட்ட பாசி மேயும் மீன்களைப் பிடிப்பதைத் தடை செய்தது இந்தப் பாடத்தால்தான்.

அப்படியானால் எவ்வளவு மீன் இருந்தால் பாறை தன் வேலையைச் செய்யும்? இந்தக் கேள்விக்கு எண்ணில் பதில் சொல்ல முயன்றதுதான் இத்துறையின் பெரிய திருப்பம் என்பேன். முறை எளியது, பொறுமை வேண்டுவது. நாடாவை விரித்து, குறித்த அகலத்தில் நீந்தியபடி, கண்ணில்படும் ஒவ்வொரு மீனின் இனத்தையும் நீளத்தையும் நீருக்கடியிலேயே பலகையில் குறிப்பார்கள். நீளத்திலிருந்து எடையைக் கணக்கிடலாம். கடைசியில் ஒரு ஹெக்டேர் பாறையில் இத்தனை கிலோ மீன் என்று ஓர் எண் கிடைக்கும். இனங்கள் எத்தனையானாலும் ஒரே எண். வலைக்குத் தப்பிக் கடலில் மிச்சமிருக்கும் மீனின் எடை அது.

மேற்கு இந்தியப் பெருங்கடலில் இப்படி எடுத்த கணக்குகளை வைத்து மெக்லனஹன் குழு 2011ல் வெளியிட்ட கட்டுரை இன்றும் அடிப்படையாக நிற்கிறது. மீன்பிடிப்பில்லாத பூங்காக்களில் ஹெக்டேருக்கு ஏறத்தாழ 1,150 கிலோ இருந்தது. தொழில் நடக்கும் பாறையில் அந்த எடை 300க்கும் 600க்கும் இடையே இருக்கும்போது ஆண்டுதோறும் கிடைக்கும் பிடி உச்சத்தில் இருக்கும். 300க்குக் கீழே போனால் பிடியும் சரியும், பாறையும் சரியும். கென்யாவில் கட்டுப்பாடற்ற கரைகள் பலவும் அந்த 300ஐக்கூட எட்டாமல் கிடந்தன.

அந்தக் கட்டுரையில் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுவது, சரிவு நிகழும் வரிசை. மீன் குறையத் தொடங்கியதும் முதலில் பாசியின் அளவு நிலைகொள்ளாமல் ஆடுகிறது. பிறகு முள்ளெலிகளைத் தின்பவை குறைகின்றன, பிறகு பாசி மேய்பவை, பிறகு மீன் இனங்களின் எண்ணிக்கை. உயிர்ப்பவளத்தின் பரப்பு குறைவது கடைசியில். கண்ணாடிப் படகில் போகும் சுற்றுலாப் பயணிக்கும், ஆண்டுக்கொரு முறை பவளத்தை மட்டும் அளந்து அறிக்கை எழுதும் அலுவலருக்கும் பாறை நன்றாகத்தான் தெரியும். அவர்களுக்குக் கெடுதி புலப்படும்போது மற்றதெல்லாம் முடிந்திருக்கும்.

2015ல் ஆரோன் மெக்நீல் தலைமையில் உலகெங்கும் 800க்கும் மேற்பட்ட பாறைகளின் கணக்கைத் திரட்டினார்கள். மீன் பிடிக்கப்படும் பாறைகளில் 83 விழுக்காடு, இருக்க வேண்டிய மீனில் பாதிக்கு மேல் இழந்திருந்தன. பிடிப்பதை முற்றாக நிறுத்தினால் மீள்வதற்குச் சராசரியாக 35 ஆண்டுகள். மிகவும் நலிந்த பாறைகளுக்கு 59. இந்த எண்களுக்கும் ஒரு வரம்பு உண்டு. பெரும்பாலும் ஆளரவமற்ற சாகோஸ் தீவுக்கூட்டத்தில் எண்ணியபோது, நன்றாகக் காக்கப்பட்ட சிறு பூங்காக்களைவிடப் பல மடங்கு மீன் இருந்தது. சில சதுர கிலோமீட்டர் வேலிக்குள் சுறாவும் பெருங்களவாவும் முழு அளவில் வாழ முடியாது. 371 பாறைகளில் ஒளிப்படக் கருவிகளை இறக்கிப் பார்த்து 2020ல் முடிவு சொன்ன ஆய்வில், ஏறக்குறைய ஐந்தில் ஒரு பாறையில் ஒரு சுறாகூடத் தென்படவில்லை. ஆகவே 1,150 என்பது இயற்கையின் உச்சம் அல்ல. சிறு பூங்கா ஒன்றில் எட்டக்கூடிய உச்சம். தொழில் செய்யும் கரைக்கு இலக்காக வைக்க அந்தப் பூங்கா எண்ணிலிருந்து வந்த 300 முதல் 600 வரையான அளவு போதும், அதற்கு மேல் அதைப் புனிதமாக்க வேண்டியதில்லை.

மீனை விட்டுவைப்பதற்கான வழிகளில் அதிகம் பேசப்பட்டது, பாறையின் ஒரு பகுதியை மூடுவது. இதற்கான தலைசிறந்த சான்று பிலிப்பைன்ஸிலிருந்து வருகிறது. சில்லிமன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏஞ்சல் அல்கலா, 1974ல் சுமிலோன் என்ற குட்டித்தீவின் பாறையில் கால்பங்கை மூடச்செய்தார். அந்நாட்டின் முதல் கடற்காப்பிடம் அது. பத்தாண்டுகளில் சுற்றியுள்ள பாறையின் பிடி உயர்ந்தது. 1984ல் உள்ளூர் அரசியல் மாறியதும் காவல் உடைந்தது; எல்லாரும் உள்ளே இறங்கினார்கள். கூடுதல் இடம் கிடைத்தால் கூடுதல் மீன் கிடைக்க வேண்டும் அல்லவா? அடுத்த ஓரிரு ஆண்டுகளில் தீவின் மொத்தப் பிடி ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. அல்கலாவும் ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேரி ரஸ்ஸும் இதை 1990ல் எழுதினார்கள். மூடிய கால்பங்கு மீனவருடைய இழப்பு அல்ல, அவர்களுடைய விதைநெல் என்பதற்கு இதைவிடத் தெளிவான சோதனை எங்கும் நடந்ததில்லை. வேண்டுமென்று செய்திருக்க முடியாத சோதனை அது; அரசியல் குழப்பம் செய்துகொடுத்தது.

பக்கத்துத் தீவான அபோவில் கதை வேறாகப் போனது. பாறையில் பத்தில் ஒரு பங்கு மட்டுமே, 1980களின் தொடக்கத்தில், ஊர்க்காரர்களே ஒப்புக்கொண்டு மூடினார்கள். காவலும் அவர்களே. 18 ஆண்டுகளில் உள்ளே ஒரு முக்கியமான உணவுமீனின் எடை மூன்று மடங்கானது. அதோடு, காப்பிடத்தின் எல்லைக்கு வெளியே இருநூறு மீட்டர் அளவில் போட்ட தூண்டில்களுக்குத்தான் மிக நல்ல பிடி கிடைத்தது. மீன் எல்லை தாண்டி வழிந்துகொண்டிருந்தது. பிலிப்பைன்ஸில் இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட இத்தகைய ஊர்க்காப்பிடங்கள் உள்ளன. அவற்றில் பல காகிதத்தில் மட்டும் உயிர்வாழ்பவை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அல்கலாவுக்கு 1992ல் மகசேசே விருது கிடைத்தது. அதே ஆண்டு அவர் நாட்டின் சுற்றுச்சூழல் துறைச் செயலராகவும் ஆனார். 2023ல் மறைந்தார்.

வழிவது வளர்ந்த மீன் மட்டுமல்ல. பெரிய தாய்மீன் இடும் முட்டைகளின் எண்ணிக்கை அதன் நீளத்தோடு ஒத்து ஏறுவதில்லை, பன்மடங்காக ஏறுகிறது. மெக்சிகோ வளைகுடாவின் செஞ்சங்கராவில் 61 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு பெண்மீன், 42 சென்டிமீட்டர் நீளமுள்ள 212 பெண்மீன்கள் இடும் அளவுக்கு முட்டையிடும் என்பது நெடுநாளாக அறியப்பட்ட கணக்கு. அந்த முட்டைகளிலிருந்து வரும் குஞ்சுகள் எங்கே போய்ச் சேர்கின்றன என்பது மட்டும் புதிராக இருந்தது. ஆஸ்திரேலியாவின் கெப்பல் தீவுகளில் குஞ்சுகளின் மரபணுவைத் தாய்மீன்களோடு பொருத்திப் பார்த்து 2012ல் அதையும் அவிழ்த்தார்கள். பாறைப்பரப்பில் 28 விழுக்காடு மட்டுமே இருந்த காப்பிடங்கள், 30 கிலோமீட்டர் தொலைவுக்குள் வந்துசேர்ந்த குஞ்சுகளில் ஏறத்தாழ பாதியை ஈன்றிருந்தன.

இவ்வளவு சான்றுக்குப் பிறகும் மூடுவதை நான் தயக்கத்தோடுதான் பரிந்துரைப்பேன். காரணம் மொம்பாசாவிலேயே இருக்கிறது. அங்கே 1990களின் தொடக்கத்தில் கடற்பூங்காவின் தடை உண்மையாக நடைமுறைக்கு வந்தபோது, பழைய மீன்பிடி இடத்தில் பாதிக்கு மேல் போயிற்று. மீனவர்களிலும் பெரும்பங்கினர் வெளியேறினார்கள். எஞ்சியவர்களுக்கு ஆளுக்குக் கிடைத்த பிடி ஏறக்குறைய இரட்டிப்பானது. ஆனால் மொத்தப் பிடி குறைந்தது. 1996ல் இதை வெளியிட்டவரே மெக்லனஹன்தான். தான் நம்பும் வழிமுறையின் விலையை அவரே எண்ணிக் காட்டியது அவர்மேல் எனக்குள்ள மதிப்புக்கு ஒரு காரணம். வெளியேறியவர்களின் பசி எந்த வரைபடத்திலும் ஏறவில்லை. பின்னாளில் பூங்காவையொட்டிய கரைகளில் வருமானம் நன்றாக இருப்பதை அவருடைய குழு பலமுறை காட்டியது. பெரிய மீன், விலைபோகும் மீன் அங்கே கிடைக்கிறது. ஆனால் அந்தப் பயன் வர ஆண்டுகள் ஆகின்றன. இழப்பு முதல் நாளே வந்துவிடுகிறது. மூடச் சொல்கிற அரசு, அந்த நடுக்காலத்துக்குச் சோறு போடுவது யார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மடகாஸ்கரின் தென்மேற்கில் வேசோ மக்கள் இந்த நடுக்காலத்தைச் சுருக்கிப் பார்த்தார்கள். 2004ல் அண்டவடோகா என்ற ஊரினர் பேய்க்கணவாய் பிடிக்கும் ஒரு திட்டைச் சில மாதங்களுக்கு மட்டும் மூடினார்கள். பேய்க்கணவாய் வெகுவேகமாக வளரும், ஓரிரு ஆண்டுகளே வாழும். திறந்த நாளில் பெரிய பெரிய உருப்படிகள் கிடைத்தன. செய்தி கரைநெடுகப் பரவி, பக்கத்து ஊர்கள் தாமாகவே மூடத் தொடங்கின. ஊர்ச் சட்டமாக எழுதிக்கொண்ட விதிகளோடு வெலண்ட்ரியாகே என்ற கூட்டுக் கடற்பகுதியும் பிறகு உருவானது. சில மாத மூடல் களவாவுக்கு உதவாது. முட்டையிடும் வயதை எட்டவே அதற்குப் பல ஆண்டுகள் வேண்டும். இருந்தாலும், மூடினால் பலன் உண்டு என்று ஓர் ஊர் தன் கண்ணால் பார்ப்பதற்கு இதைவிட விரைவான வழி இல்லை.

மூடுவதற்கு அடுத்தது கருவி. கென்யாவில் ஜூயா எனப்படும் சிறுகண்ணிக் கரைவலை, கடற்புல்லையும் பவளத்தையும் உரசிக்கொண்டு வந்து குஞ்சு குளுவானையெல்லாம் அள்ளிவிடும். சட்டப்படி அது தடை செய்யப்பட்டது. நடைமுறையில் அதை விலக்கிய கரைகளில், பெரும்பாலும் ஊர்ப் பெரியவர்கள் முன்னின்ற இடங்களில், ஆளுக்குக் கிடைக்கும் மீனும் அதன் விலையும் உயர்ந்தன. ஆனால் ஜூயாவை இழுப்பவர் யார்? சொந்தமாகப் படகோ கூடோ வாங்க வழியில்லாத இளைஞர்கள். வலை ஒருவருடையது, இழுக்கும் கைகள் பத்திருபது. வலையை எரிப்பது எளிது. அந்தக் கைகளுக்கு வேறு கருவியைக் கொடுக்காமல் எரித்தால், அடுத்த மாதம் அதே கைகளில் ஈட்டித் துப்பாக்கி இருக்கும்.

கருவியில் செய்த மாற்றங்களில் எனக்கு மிகவும் பிடித்தது கூட்டில் வைத்த இடைவெளி. கென்ய மீனவர் குச்சியாலும் மூங்கிலாலும் பின்னும் அறுகோணக் கூட்டின் ஓரத்தில், மூன்று சென்டிமீட்டர் அகலமும் முப்பது சென்டிமீட்டர் உயரமும் கொண்ட ஒரு திறப்பை வைத்தார்கள். குஞ்சு ஓராவும், தட்டையான உடம்புள்ள, விலை போகாத வண்ண மீன்களும் அதன் வழியே வெளியேறிவிடும். வளர்ந்த ஓராவும் கிளிமீனும் தங்கும். கென்யக் கடல்வள ஆராய்ச்சி நிறுவனத்தினரும் மெக்லனஹன் குழுவும் மீனவர்களோடு சேர்ந்து சோதித்தபோது, சராசரி மீன் பெரிதானது, வருமானம் அடிபடவில்லை. செலவு ஒன்றுமில்லை. இருந்தும் காட்டுத்தீபோலப் பரவவில்லை. ஒருவர் கூட்டிலிருந்து தப்பிய குஞ்சு, பக்கத்தில் இடைவெளி இல்லாத கூட்டில் போய் விழுமென்றால் அவர் எதற்காக விட வேண்டும்? கரை முழுதும் சேர்ந்து ஒப்பினால்தான் இந்த மூன்று சென்டிமீட்டருக்குப் பொருள் உண்டு.

ஆக, எல்லாக் கேள்விகளும் விதியை யார் போடுவது என்ற ஒன்றில் வந்து நிற்கின்றன. இதை முதலில் உரக்கச் சொன்னவர் ராபர்ட் யோஹானஸ் என்ற கடலறிவியலாளர். 1970களில் பலாவு தீவுகளின் மீனவர்களோடு வாழ்ந்து, அவர்களுக்குத் தெரிந்ததை எழுதி 1981ல் புத்தகமாக்கினார். எந்த மீன் எந்தப் பிறையில், எந்த இடத்தில் கூடி முட்டையிடும் என்று ஐம்பதுக்கும் மேற்பட்ட இனங்களுக்கு அவர்களால் சொல்ல முடிந்தது. பிறைக்கணக்கில் முட்டையிடுவதாக அன்றைய உலக அறிவியல் முழுதும் பதிவு செய்திருந்த இனங்களைவிட அது இரு மடங்குக்கும் மேல். தங்கள் பாறைக்குத் தாங்களே உரிமையாளர் என்ற வழக்கமும், முட்டையிடும் காலத்தில் விலகியிருக்கும் வழக்கமும் அங்கே இருந்தன. காசுக்கு விற்கும் சந்தை வந்ததும் அவை தளர்ந்ததையும் அவரே பதிவு செய்தார். 1998ல் அவர் இன்னொரு படி மேலே போய், வெப்பமண்டலக் கரைகளில் முழுப் புள்ளிவிவரம் வரும்வரை காத்திருப்பது வீண், தெரிந்ததை வைத்து உடனே விதி செய்யுங்கள் என்று வாதிட்டார்.

கூடி முட்டையிடும் மீன்களுக்கு அவர் சொன்னது அப்படியே பலித்தது. கரீபியனில் நாசாவ் களவா ஆண்டுக்கொரு முறை, குளிர்காலப் பௌர்ணமியை ஒட்டி, ஆயிரக்கணக்கில் ஓரிடத்தில் கூடும். இடம் தெரிந்தால் சில நாட்களில் மொத்தத்தையும் அள்ளிவிடலாம். பல இடங்களில் அள்ளிவிட்டார்கள். லிட்டில் கேமன் தீவில் 2003ல் அந்த இடத்தை மூடினார்கள். 2009ல் ஆயிரத்துச் சொச்சமாக இருந்த மீன்கள் 2018ல் ஏறத்தாழ 7,000 ஆயின.

ஜோஷுவா சின்னர் தலைமையில் 2016ல் வெளியான ஆய்வு, யோஹானஸின் வாதத்துக்கு உலக அளவில் எண்களைக் கொடுத்தது. 46 நாடுகளில் 2,500க்கும் மேற்பட்ட பாறைகளை எடுத்துக்கொண்டு, மக்கள்தொகை, சந்தைக்கான தூரம் ஆகியவற்றை வைத்து எதிர்பார்க்கக்கூடிய அளவைவிட மிக அதிகமாக மீன் இருக்கும் 15 இடங்களையும், மிகக் குறைவாக இருக்கும் 35 இடங்களையும் பிரித்தார்கள். நல்ல இடங்களெல்லாம் ஆளில்லாத இடங்கள் அல்ல. அவற்றில் பலவற்றில் மக்கள் வாழ்கிறார்கள், மீனை நம்பியே வாழ்கிறார்கள். அங்கே ஊர்க்கட்டுப்பாடு இருந்தது, பாறைமேல் ஊருக்கு உரிமை இருந்தது, முடிவெடுப்பதில் மீனவர்களுக்கு இடமும் இருந்தது. மோசமான இடங்களில் அடிக்கடி தென்பட்டவை உறைகலனும், பெரிதாய்ப் பிடிக்கும் வலைகளும், அண்மையில் வந்த இயற்கைச் சீற்றங்களும். உறைகலன் வந்தால் மீன் அழுகாது என்பது உண்மைதான். இன்றைக்கு இது போதும் என்று நிறுத்துவதற்கு இருந்த ஒரே காரணத்தையும் அது எடுத்துவிடுகிறது.

வறுமையைப் பற்றிய கண்டுபிடிப்பும் எளிய எதிர்பார்ப்பைக் குலைத்தது. மேற்கு இந்தியப் பெருங்கடல் நாடுகளில் சின்னரும் மெக்லனஹனும் மற்றவர்களும் 2009ல் கண்டது இது: மிக ஏழை ஊர்களிலும் மீன் இருந்தது, வசதி மிக்க ஊர்களிலும் இருந்தது, நடுத்தர வளர்ச்சி கண்ட ஊர்களில்தான் நான்கில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. பழைய கட்டுப்பாடு போய்விட்டது, சந்தை வந்துவிட்டது, வேறு வேலை இன்னும் வரவில்லை. பிடி பாதியாகக் குறைந்தால் தொழிலை விடுவீர்களா என்று கென்ய மீனவர்களைக் கேட்டபோது, விடமாட்டேன் என்றவர்களில் ஏழைகளே அதிகம். விட்டுவிட்டுப் போக அவர்களுக்கு இடமில்லை. இதற்கிடையே கென்யா கரை மேலாண்மைக் குழுக்களுக்குச் சட்ட அதிகாரம் கொடுத்தது. குருவிட்டு ஊர் 2005ஐ ஒட்டி 30 ஹெக்டேர் கடலைத் தானே மூடியது. சுவாஹிலியில் தெங்கேஃபு எனப்படும் இத்தகைய ஊர்மூடல்கள் பிறகு அந்தக் கரையில் பெருகின.

இவை எல்லாவற்றின் மேலும் இன்று வெப்பம் நிற்கிறது. கடல் சூடேறியதால் வந்த 1998ன் பவள வெளுப்பில் சேஷெல்ஸ் தன் உள்தீவுகளின் பவளத்தில் 90 விழுக்காட்டை இழந்தது. நிக் கிரஹாம் குழு தொடர்ந்து கண்காணித்த 21 பாறைகளில் 12 பின்னர் தேறின. 9 பாசிக்காடாகவே மாறிவிட்டன. அங்கே மீன்பிடி சாய்ந்துவிடும் என்றே எல்லாரும் எண்ணினார்கள். இருபதாண்டுப் பிடிக்கணக்கைப் பார்த்தபோது அளவு குறையவில்லை; பாசியை உண்ணும் ஓரா பெருகி அந்த இடத்தை நிரப்பியிருந்தது. அந்த மீன்களில் இரும்பு, துத்தநாகம் போன்ற சத்துகளும் நிறைந்திருந்தன. இது ஆறுதல்தான். ஆனால் ஓரிரண்டு இனங்களை மட்டும் நம்பும் தொழில் ஒரு நோய்க்கோ ஒரு புதிய வலைக்கோ தாங்காது. அபோத் தீவில் 2011, 2012 டிசம்பர்களில் வந்த இரண்டு சூறாவளிகள் முப்பதாண்டு காத்த காப்பிடத்தின் பவளத்தை உடைத்து வாரின. ஊரார் விதியால் சூறாவளியைத் தடுக்க முடியாது. பவளம் செத்த பிறகு, பாசி மேயும் மீன்களை அதிகம் குறிவைக்கும் ஈட்டியையும் கூட்டையும் சில காலம் ஒதுக்கிவைத்தால் பாறை தேற வாய்ப்பு உண்டு. இது சின்னரும் மெக்லனஹனும் மற்றவர்களும் கொடுத்த யோசனை. வெளுப்பு நேர்ந்த வாரத்திலேயே ஒரு கரை கூடி இதை முடிவுசெய்யும் நிலையில் இருக்க வேண்டும். உலக அளவிலான நான்காவது வெளுப்பு 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. இந்த யோசனைக்கு இனிமேல் அடிக்கடி தேவை வரும்.

நம் மன்னார் வளைகுடாவின் பாறைகளும் இதே பெருங்கடலைச் சேர்ந்தவைதான். தூத்துக்குடியிலிருந்து இராமேசுவரம் வரை 21 தீவுகள். 1986ல் தேசியப் பூங்கா, 1989ல் உயிர்க்கோளக் காப்பகம். பவளத்தை வெட்டிச் சுண்ணாம்புக்கு அனுப்பியதில் இரண்டு தீவுகள் நீருக்குள் போயின. 2010லும் 2016லும் வெளுப்பு வந்தது. இங்கும் கூடு வைக்கிறார்கள், அந்தக் கூடுகளிலும் ஓராவும் கிளிமீனும் களவாவும் விழுகின்றன. ஆண்டுக்கு 61 நாள் தடைக்காலம் விசைப்படகுகளுக்கு உண்டு. பாரின்மேல் கூடு எத்தனை, கண்ணி எவ்வளவு என்பது அந்தத் தடைக்குள் வருவதில்லை. ஊர் தானே விதி செய்துகொண்டதற்கு முன்மாதிரியும் இங்கேயே இருக்கிறது. தீவுகளைச் சுற்றிப் பாசி எடுக்கும் பெண்கள், மாதத்தில் சில நாட்கள் மட்டும் எடுப்பது, பாசி வளரும் பருவத்தில் நிறுத்துவது என்று தமக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அவர்களை வழிநடத்திய சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015ல் சீகாலஜி பரிசு கிடைத்தது.

எனவே மீன்வளத் துறைக்கும் வனத் துறைக்கும் ஆய்வு நிறுவனங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு பாரிலும் ஹெக்டேருக்கு எத்தனை கிலோ மீன் நிற்கிறது என்று ஆண்டுதோறும் எண்ணுங்கள். அந்த எண்ணைத் தமிழில் எழுதி, அந்தந்த ஊரின் மீன் இறங்குதளத்தில் எல்லாரும் பார்க்கும்படி வையுங்கள். கூடு வைப்பவர்களையும் பாசி எடுப்பவர்களையும் உட்காரவைத்து, எதை மூடுவது, எத்தனை மாதம், கூட்டில் எவ்வளவு இடைவெளி, காவல் யார், அதுவரை ஈடு என்ன என்று அவர்கள் வாயால் சொல்லக் கேளுங்கள். அவர்கள் சொன்ன விதிக்குச் சட்டத்தின் வலுவைக் கொடுங்கள்.